மூன்று ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான இந்தக் கேள்வி-பதில் பக்கத்துக்கு இந்த முறை கடிதங்கள் அதிகம். குரல் பதிவாக வந்தவையும் உண்டு. ஒன்று பதினொரு நிமிடம், பின்னணியில் குக்கர் விசில் நான்கு தரம் கேட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், ஊரைத் தவிர யாருடைய அடையாளமும் போடவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. என் மகளுக்கு மூளை முடக்குவாதம், வயது 22. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு ஜி.எச். வராந்தாவிலும் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவிலும் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

தேனி பக்கமிருந்து ஒரு அம்மா: அக்கா, என் பையனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கலாம் என்றால் மாமியார் விடமாட்டேன் என்கிறார். "அட்டை வாங்கினால் முத்திரை குத்தின மாதிரி, நாளைக்கே பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வாய், அவன் தங்கச்சிக்கு வரன் பார்க்க வேண்டாமா" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. என்ன செய்யட்டும்?

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள், அவர் பேசுவதில் பாதி பயம், பாதி பாசம். அட்டையை யாரும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதில்லை, அது பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் என்று சொல்லுங்கள். பையன் நன்றாகப் பேசி, இனி இது வேண்டாம் என்ற நிலை வந்தால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், முடிகிற தேதி அதிலேயே இருக்கும். அந்தத் தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தாண்டிப்போய் நின்றுவிட்ட உதவித்தொகையைத் திரும்ப வாங்க அலைகிற அலைச்சல் இருக்கிறதே, முதல் தடவை வாங்குவதைவிட அது பெரிய பாடு.

முன்பெல்லாம் ஆட்டிசக் குழந்தைக்கும் "எம்.ஆர்." (மனவளர்ச்சி குன்றியவர்) என்று எழுதித்தான் சான்று வரும், ஏனென்றால் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது ஏழே வகை, அதில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகையாக்கியது, ஆட்டிசத்துக்கும் அதன் பெயரிலேயே இடம் கிடைத்தது. இப்போது யூடிஐடி என்கிற அந்த அடையாள அட்டைக்கு ஆன்லைனில், இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டு, ஜி.எச்.சில் டாக்டர்கள் உட்காரும் முகாம் நாளில் குழந்தையோடு போக வேண்டும். எந்தக் கிழமை என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

அங்கே ஒரு தப்பு செய்வோம் நாம் எல்லோரும், நானும் செய்தேன். என் மகளுக்கு ஆறு வயதில் அறிவுத்திறன் சோதனை நடந்தது, சைக்காலஜிஸ்ட் ஒவ்வொன்றாகப் படம் காட்டி "இது என்ன?" என்று கேட்டார், அவள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் "சொல்லும்மா, ப... பசு" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, பரீட்சை உங்களுக்கு இல்லை" என்றார். பிள்ளைக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறினது, அதற்கான இடம் அது இல்லை. ஆட்டிசத்துக்கு 'ஐசா' என்ற அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள், 40 விஷயங்கள் கேட்பார்கள். வாரத்தில் ஏழு நாளும் அவன் எப்படி இருக்கிறான் என்பதை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவது உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவனுடைய நல்ல நாளை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அட்டை வந்ததும் என்ன கிடைக்கும்? தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, உங்கள் பையனுக்கு வருமா என்பது சான்றில் எந்த வகை, எத்தனை சதவீதம் என்று எழுதுகிறார்களோ அதைப் பொறுத்தது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, சேர்வதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது, தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான் அது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் தெரபியை இதற்காகவெல்லாம் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகங்களில் 'டி.இ.ஐ.சி.' என்று கேளுங்கள், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை ஆரம்பத்திலேயே பார்க்கிற மையம் அது, பேச்சுப் பயிற்சியும் பிசியோவும் காசில்லாமல் கிடைக்கும். அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். வேண்டுமானால் முதல் நாள் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த பெஞ்சில் இன்னும் பத்துப் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள், மீதியை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

நாமக்கல்லில் இருந்து ஒரு அப்பா: என் மகனுக்கு ஆறு வயது, சி.பி. (மூளை முடக்குவாதம்). இன்னும் உட்காரவில்லை. ஒரு தனியார் சென்டரில் ஸ்டெம் செல் மூன்று சிட்டிங் போட்டால் நடப்பான் என்கிறார்கள், சிட்டிங் ஒன்றுக்கு இரண்டரை லட்சம். ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. விற்றுவிடலாமா?

விற்காதீர்கள் தம்பி.

இதை இதைவிட நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலைப் பாருங்கள். ரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது போன்ற சிகிச்சைகளைத் தவிர, மற்ற எதையும் நிரூபணமான சிகிச்சையாக அது ஏற்கவில்லை. சி.பி.க்கு ஸ்டெம் செல் கொடுப்பது இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் அது அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், கலந்துகொள்கிற நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அந்த சென்டரிடம் இந்த இரண்டே கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? எதற்குப் பணம் கேட்கிறீர்கள்? எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள். டீ வாங்கித் தருவார்கள், நடக்கிற குழந்தையின் வீடியோ காட்டுவார்கள்.

என் மகளுக்கு ஐந்து வயதில் நாங்களும் ஒருவரிடம் போனோம். ஸ்டெம் செல் இல்லை, ஏதோ எண்ணெயும் மின்சார பெல்ட்டும். என் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது, மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. எண்ணெய் மட்டும் நல்ல வாசனையாக இருந்தது என்று என் கணவர் இப்போதும் கிண்டல் செய்வார்.

பையனுக்கு நிஜமாகவே அவசரமான காரியம் இரண்டு உண்டு. ஒன்று இடுப்பு. சி.பி. உள்ள, நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகலாம், வலி தெரியும்போது காரியம் கை மீறியிருக்கும், அதனால் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லி எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? இன்னொன்று நாற்காலி. உட்காரவில்லை என்பதற்காகப் படுக்கவே வைத்திருந்தால் அவன் உலகம் முழுக்க மேல்கூரைதான். முதுகும் தலையும் சாயாமல் பிடிக்கிற, முன்னால் பலகை வைத்த, இடுப்புக்குக் கச்சை போட்ட நாற்காலி ஒன்று வேண்டும். அளவைப் பிசியோதெரபிஸ்ட் எடுத்துக் கொடுத்தால் உங்கள் ஊர் தச்சரே செய்துவிடுவார். எங்கள் வீட்டில் பழைய ஸ்கூல் பெஞ்சை அறுத்துத்தான் முதல் நாற்காலி செய்தோம். அதில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவள் தன் தட்டை முதல் முதலாக மேலே இருந்து பார்த்தாள்.

பிசியோவுக்கு வாரம் மூன்று நாள் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றால், பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சொல்லி வையுங்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும் சிறப்புப் பயிற்றுநரும் அவர்கள் பொறுப்பு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். பெரிய இடத்தில் ஒருமுறை முழுதாகக் காட்டிவிட்டு வரவேண்டும் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது, சென்னை கோட்டூர்புரத்தில் 1985 முதல் சி.பி. பிள்ளைகளுக்காகவே இயங்கும் வித்யாசாகர் இருக்கிறது, தெற்கே தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. அவன் நடப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஒரு ஏக்கர் மட்டும் அவனுக்கு என்றைக்கும் வேண்டியிருக்கும், அது ஏன் என்று கீழே மதுரைக்காரருக்குச் சொல்லும் பதிலில் பாருங்கள்.

சேலம் வாசகி: என் மகளை "தெய்வக் குழந்தை" என்கிறார்கள், சிலர் இன்னும் பழைய வார்த்தையே சொல்கிறார்கள். எதைத்தான் சொல்வது?

மாற்றுத்திறனாளி என்ற சொல் கலைஞர் ஆட்சிக் காலத்தில் அரசு வழக்குக்கு வந்து ஊன்றிவிட்டது, அதுவே போதும். அதைவிட நல்லது அவள் பெயர். தெய்வக் குழந்தை என்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றே பொது இடத்தில் கேவலப்படுத்தினால் அது வேறு கதை, 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. எங்கள் தெருவில் ஒருவரிடம் இந்தப் பிரிவு எண்ணை மட்டும் சொன்னேன், அதற்கப்புறம் அவர் வாய் திறக்கவில்லை.

தஞ்சாவூரில் இருந்து ஒரு அம்மா: மகள் பத்தாம் வகுப்பு. டிஸ்லெக்சியா. வாயால் எல்லாம் சொல்வாள், எழுதினால் எழுத்து இடம் மாறிவிடும். பரீட்சைக்கு ஆள் வைத்து எழுதலாம் என்கிறார்கள், ஹெச்.எம். "அதெல்லாம் கண் தெரியாதவர்களுக்குத்தான்" என்கிறார்.

ஹெச்.எம். சொல்வது தப்பு. பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கும் சொல்வதை எழுதுபவர் (எழுத்தர்), கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் தேர்வுத்துறை வருடா வருடம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அவரைப் பகைத்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மருத்துவச் சான்றின் நகலோடு, சலுகை கேட்டு ஒரு கடிதம் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயால் இல்லை என்பார்கள். முத்திரை போட்ட பிறகு அவர் முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். ஹால் டிக்கெட் வருகிற நேரத்தில் ஓடாதீர்கள், காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

சலுகைக்குக் கேட்கிற 40 சதவீதப் பாதிப்பு சான்றில் இல்லையே என்று சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை இழுத்துப் பிடித்துக்கொள்கிற ('ரைட்டர்ஸ் கிராம்ப்'), யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போன இளைஞர் விகாஷ் குமார் போட்ட வழக்கு அது. 40 சதவீதம் என்ற கோட்டுக்குக் கீழே இருக்கிறார் என்பதற்காக எழுத்தரை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது, அடுத்த வருடமே மத்திய அரசு அதற்குத் தனி வழிகாட்டுதலும் போட்டது.

இன்னொன்றையும் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லி எழுத வைப்பது தனிக் கலை. எழுதுகிறவர் நம் மனசைப் படிக்கமாட்டார். ஒரு பெண் முதல் நாள் பரீட்சையில் முழுப் பதிலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம், எழுதுகிறவர் முதல் வரியில்தான் இருந்தாராம். பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண்ணை உட்கார வைத்து இப்போதே பழக்குங்கள், "அடுத்த பத்தி", "முற்றுப்புள்ளி", "இதை அடித்துவிட்டு மறுபடி எழுது" என்று சொல்லிப் பழகட்டும், கணக்குக்கு இன்னும் கூடுதல் பழக்கம் வேண்டும். மொழிப்பாட விலக்கு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள், எழுத்தரும் கூடுதல் நேரமுமே போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. முடிவு அவளுடையது, அவளைக் கேளுங்கள்.

மதுரையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அம்மா, வணக்கம். எனக்கு 72 வயது, மனைவிக்கு 66. மகனுக்கு 34, அறிவுசார் குறைபாடு 75 சதவீதம். அவன் பெயரில் டெபாசிட் போடப் போனால் வங்கியில் "அவர் மேஜர், அவரே கையெழுத்துப் போடட்டும், இல்லையென்றால் கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். பெற்ற தகப்பனுக்கே கையெழுத்துப் போட உரிமை இல்லையா? எங்களுக்குப் பிறகு அவன் கதி?

ஐயா, வணக்கம். கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை. 18 வயது முடிந்த அன்றே பெற்றவர் என்ற முறையில் நமக்கிருந்த காப்பாளர் உரிமை சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடுகிறது, மகனின் மனவளர்ச்சி எதுவாக இருந்தாலும். 16 வருடமாக நீங்கள் கையெழுத்துப் போட்டதெல்லாம் யாரும் கேட்காததால் ஓடியிருக்கிறது.

ஆனால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்காகவே வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு, 'எல்.எல்.சி.' (உள்ளூர் நிலைக் குழு) என்பார்கள், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆள் ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். அவர்களிடம் நீங்களும் உங்கள் மனைவியும் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆக விண்ணப்பிக்கலாம். மகனின் சான்று, ஆதார், உங்கள் இருவரின் அடையாளம், குடும்பப் புகைப்படம், மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களின் சம்மதம் என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்பார்கள். மூன்று ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், இந்தத் தலைப்பே உங்களுக்காகத்தான். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். குழு எப்போது கூடும் என்று கேட்டால் "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள், சொல்லி அனுப்பமாட்டார்கள், மாதம் ஒருமுறை நீங்களே போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் கோப்பு நகரும், என் அனுபவத்தில் அது மட்டும்தான் நகர்த்தியது.

அந்தச் சான்றிதழ் கையில் வந்ததும் வங்கி மறுக்க முடியாது. எல்.எல்.சி. தருகிற காப்பாளர் சான்றை வைத்துக் கணக்குத் திறக்கலாம், இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே எழுத்தில் சொல்லியிருக்கிறது. மேலாளர் புதியவராக இருந்தால் கோபப்படாமல் அதை எடுத்துக்காட்டுங்கள்.

காப்பாளர் ஆவது வெறும் கௌரவம் இல்லை, கணக்கும் காட்ட வேண்டும். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் மகனின் அசையாச் சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு. முக்கால்வாசிக் குடும்பங்கள் இதைச் செய்வதே இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் கணக்கு வாத்தியார் என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு இது பெரிய விஷயமா?

அடுத்தது பென்ஷன். நீங்கள் அரசுப் பணியில் இருந்தவர், அதனால் உங்களுக்கும் மனைவிக்கும் பிறகு, சம்பாதித்துப் பிழைக்க முடியாத மகனுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதை நாளைக்கு அவனாகப் போய்க் கேட்க முடியாது, நீங்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். "சம்பாதித்து வாழ இயலாதவர்" என்ற வாசகம் மருத்துவச் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள், சதவீதம் மட்டும் போட்டிருந்தால் போதாது. தனியார் கம்பெனியில் வேலை பார்த்த வாசகர்களுக்கும் ஒரு சேதி: பி.எஃப். பிடித்தவர் இறந்தால், முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாத பிள்ளைக்கு 1995 ஓய்வூதியத் திட்டத்தில் வயது வரம்பில்லாமல் பென்ஷன் உண்டு. பி.எஃப். ஆபீஸ் தானாகச் சொல்லாது, கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டையும் டெபாசிட்டையும் நேராக மகன் பெயருக்கு உயில் எழுதி வைக்காதீர்கள். கையில் சொத்து வந்த மறுநாள் எங்கிருந்தோ உறவு முளைக்கும். ஒரு தனியார் டிரஸ்ட் எழுதி, பயன் அடைபவர் மகன், நிர்வகிப்பவர் இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாமல், என்று ஒரு நல்ல வக்கீலிடம் எழுதுங்கள். நாமினி போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், சட்டப்படி வாரிசு அவர்தான் என்று ஆகிவிடாது.

மனச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. 2017 மனநலச் சட்டத்தில் நோயாளி சிகிச்சை விஷயத்தில் தன் சார்பாகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம், தெளிவாக இருக்கிற நாளில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

கோவையில் இருந்து ஒரு வாசகி, வயது 29: அக்கா, என் தம்பிக்கு 24. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அவனையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறவனைத்தான் கட்டிவைப்போம் என்கிறார்கள் அம்மா அப்பா. அவன் மேல் எனக்கு உயிர். ஆனால் எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நினைத்தால் அன்றைக்குத் தூக்கம் வருவதில்லை. நான் கெட்டவளா?

இல்லைம்மா. இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன், என் மூத்த மகன் இதை எழுதியிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று. அவன் எழுதமாட்டான், ஆனால் நினைத்திருப்பான்.

அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: காப்பாளராக இருப்பதும் கூடவே வைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. நீங்கள் சட்டப்படிக் காப்பாளராக இருந்துகொண்டு, அவன் ஒரு நல்ல இல்லத்தில் இருக்கலாம். நீங்கள் வேறு ஊரில் இருந்துகொண்டு, மாதம் இருமுறை போய் வரலாம். அக்காவால் முடியாது என்றால் பதிவுபெற்ற நிறுவனமே காப்பாளர் ஆகவும் மேலே சொன்ன தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதையெல்லாம் பெற்றவர்கள் நடமாட்டமாக இருக்கும்போது பேசி, இல்லங்களைப் போய்ப் பார்த்து, அவனை இரண்டு நாள், நாலு நாள் என்று தங்கவைத்துப் பழக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்த பிறகு ஓடினால் கிடைக்கிற இடத்தில்தான் விட முடியும்.

இன்னொரு வேலை, அம்மாவை ஒரு நோட்டு எழுதச் சொல்லுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, 80 பக்க நோட்டு. வயிறு வலித்தால் இடது காதைப் பிடிப்பாள். ரசம் சாதம் என்றால் உருளைக்கிழங்கு வேண்டும், அப்பளம் தொண்டையில் நிற்கும். ஃபிட்ஸ் மாத்திரை எட்டரைக்கு, ஒன்பதைத் தாண்டக் கூடாது. இடி என்றால் பயம், மின்னல் பிடிக்கும். புது ஆள் குளிப்பாட்டினால் முதலில் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் இல்லாத வீட்டில் அவளைப் பார்க்கப் போகிறவர் அந்நியராகவே இருக்கட்டும், முதல் நாளே அவளை அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தம்பியின் பாரம் முழுக்க இப்போது அம்மாவின் தலைக்குள் இருக்கிறது, அது அப்படியே உங்கள் தலைக்கு மாறிவிடும் என்றுதான் உங்களுக்குப் பயம். தாளில் இறக்கினால் நாலு பேர் பகிர்ந்து எடுக்கலாம்.

மாப்பிள்ளை பார்க்க வருகிறவரிடம் மறைக்காதீர்கள், ஆனால் நிபந்தனையும் போடாதீர்கள்.

சென்னையில் இருந்து ஒரு இளைஞர், தசைச்சிதைவு நோய், சக்கர நாற்காலி: எப்போதும் அம்மாக்கள்தான் இதில் கேள்வி கேட்கிறார்கள். நான் நேரடியாகக் கேட்கிறேன். பஸ், ரயில் பற்றி உருப்படியாகச் சொல்லுங்கள்.

நல்ல குட்டு. வாங்கிக்கொண்டேன்.

மாநகரப் பேருந்தில் தாழ்தள வண்டிகள் வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்த பிறகு 2024 ஆகஸ்டில் 58 என்று ஆரம்பித்து வரத் தொடங்கின, பிறகு மின்சார வண்டிகளும் சேர்ந்தன. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பலகை இறங்கி, நீங்களே ஏறலாம். நிறுத்தத்தில் நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் நடுரோட்டில் நிறுத்தினால் பலகை இருந்தும் பிரயோஜனமில்லை, அப்படி நடந்தால் வண்டி எண்ணும் நேரமும் குறித்துப் புகார் கொடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

ரயிலில் துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50 சதவீதம் சலுகை, துணைக்கு வருபவருக்கும் அதே அளவு. ஆன்லைனில் எடுக்க ரயில்வே தருகிற தனி அட்டை வேண்டும், ரயில்வேயின் படிவத்திலேயே அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். ஜி.எச்.சுக்குப் போகும்போது அந்தப் படிவத்தை நீங்களே அச்செடுத்துக்கொண்டு போங்கள், அங்கே இருக்காது. டிக்கெட் எடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், பொதுவில் எடுத்துவிட்டு மேல் பெர்த் வந்தது என்று டி.டி.யிடம் கெஞ்சுகிற நிலைமை வேண்டாம். அடுத்த இதழில் உங்களைப் போன்றவர்களின் கேள்விகள் மட்டும் போடுகிறேன், அம்மாக்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஒரு திருத்தம்: போன இதழில் வருமான வரி பற்றி எழுதும்போது, 80டிடி என்று நாம் சொல்லும் பிரிவில் 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்காக 75,000 ரூபாயும், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழிக்கலாம், எவ்வளவு செலவானாலும் தொகை அதேதான் என்று எழுதினேன். அது சரி. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதை எழுத விட்டுவிட்டேன். புதிய முறையில் இது கிடையாது. திருச்சியில் இருந்து ஒரு வாசகர் தன் ஆடிட்டரிடம் என் பக்கத்தைக் காட்டி வாக்குவாதம் செய்திருக்கிறார், ஆடிட்டர்தான் சரி. அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.